வாத்தியாருக்கு ஒரு பதில்: சிறுநீர்ப்பைப் பரிசோதனைக்கு மயக்க மருந்து வேண்டுமா?

அன்புள்ள வாத்தியாரே,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பேசத் தொடங்கிவிட்டாள், அதுவும் உன்னைத் தாத்தா என்று சொல்லாமல் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள் என்பதைப் படித்துச் சிரித்தேன். வகுப்பில் ஒருத்தனும் செய்யத் துணியாத காரியம் அது. இரண்டு பக்கம் அவள் புராணம் எழுதிவிட்டுக் கடைசி வரியில், சிறுநீரில் ரத்தம் வந்தது, கேமரா விட்டுப் பார்க்கப் போகிறார்கள், முழு மயக்கம் கேட்கட்டுமா என்று போகிறபோக்கில் கேட்டிருக்கிறாய். காலமெல்லாம் மயக்க மருந்து கொடுத்தே பிழைத்தவனிடம் இதை ஒரு வரியில் கேட்டால் எப்படி?

ரத்தம் ஒரே தடவைதான் வந்தது, வலிகூட இல்லை, பிறகு நின்றுவிட்டது என்று சொல்கிறாய். அதனால்தான் கட்டாயம் பார்க்க வேண்டும். பயமுறுத்தச் சொல்லவில்லை. கல், கிருமித் தொற்று, புராஸ்டேட் வீக்கம் என்று பல காரணங்கள் இருக்கலாம். ஆனால் சிறுநீர்ப்பைக் கட்டியும் சில நேரம் இப்படி வலியில்லாமல் எட்டிப்பார்த்துவிட்டு ஒளிந்துகொள்ளும். தள்ளிப்போடாதே.

சரி, மயக்கத்துக்கு வருகிறேன். டாக்டரிடம் நீ முதலில் கேட்க வேண்டியது, கேமராவோடு உள்ளே விடுவது வளையும் குழாயா, வளையாத குழாயா என்று. வளையும் குழாய் 5 மில்லிமீட்டர் சொச்சம் தடிமன்தான். வழி எப்படிப் போகிறதோ அப்படியே வளைந்து உள்ளே போகும். உள்ளே பார்ப்பதற்கு மட்டும் என்றால் பெரும்பாலும் இதுதான், ஐந்து பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். பெரும்பாலானவர்களுக்கு மரத்துப்போகும் ஜெல்லே போதும். வளையாத உலோகக் குழாய் இன்னும் தடிமன். சதை வெட்டி எடுக்க, கட்டியைச் சுரண்ட, கல்லை உடைக்க அது வேண்டும். ஆண்களுக்கு அதை முழித்திருக்கும்போது விடுவது கொடுமை என்பது என் கருத்து. அதற்கு முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கவைக்கலாம், இல்லையென்றால் முழு மயக்கம் கொடுக்கலாம். பெண்களுக்குச் சிறுநீர் வரும் பாதை சுமார் 4 சென்டிமீட்டர்தான். நமக்கோ ஏறக்குறைய 20. வளைவு வேறு, சிறுநீரை அடக்கிவைக்கும் சுருக்குத்தசை வேறு, நம் வயதில் புராஸ்டேட்டும் வழியில் உட்கார்ந்திருக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் ஆணாகப் பிறந்தது நஷ்டம்தான்.

ஜெல்லைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உனக்குக் காரியமே அங்கேதான் இருக்கிறது. அதில் இருப்பது 2 சதவீத லிக்னோகெயின் என்ற மரக்கவைக்கும் மருந்து. உள்ளே செலுத்திய உடனே குழாயை விட்டால் அது வெறும் வழுக்கலுக்குத்தான் உதவும். மரத்துப்போகப் பத்து நிமிடமாவது, முடிந்தால் பதினைந்து நிமிடம் உள்ளேயே தங்க வேண்டும். கூட்டம் நிறைந்த நாளில் இந்தப் பதினைந்து நிமிடம்தான் முதலில் காணாமல் போகும். சாதாரண வழுக்கல் ஜெல்லைவிட லிக்னோகெயின் ஜெல் உண்மையிலேயே மேலா என்பதில் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. எவ்வளவு நேரம் காத்திருந்தார்கள் என்பது ஆய்வுக்கு ஆய்வு வேறுபட்டதும் அதற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அதனால் வெட்கப்படாமல், "ஜெல் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் விடுங்கள்" என்று கேட்டு வாங்கிக்கொள். லிக்னோகெயின் முன்பு எப்போதாவது ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் அதையும் சொல்லிவிடு.

வலி என்று ஒன்று வந்தால் அது சுருக்குத்தசையைக் குழாய் தாண்டும் அந்தச் சில விநாடிகளில்தான் வரும். அப்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு இறுக்கினால் தசையும் இறுகும். மூச்சை மெதுவாக வெளியே விட்டுச் சிறுநீர் கழிப்பதுபோல் தளர்த்து. அந்த நேரம் பார்த்து உதவியாளர், குழாய்க்குத் தண்ணீர் விடத் தொங்கவிட்டிருக்கும் பையை ஒரு அழுத்து அழுத்தினால், தண்ணீரின் வேகத்திலேயே வழி திறந்துகொடுக்கும். செலவில்லாத உபாயம், ஆண்களுக்கு வலி குறைவதைப் பார்த்திருக்கிறார்கள். திரையில் உன் சிறுநீர்ப்பையை நீயே பார்க்கவும் கேட்கலாம். சிலருக்குக் கவனம் அங்கே போய் வலி குறைகிறது. நீ எல்லாவற்றுக்கும் விளக்கம் கேட்கும் ஆள், உனக்கு இது சரிப்படும். உள்ளே தண்ணீர் நிரம்பும்போது முட்டிக்கொண்டு வரும், அது வலியில்லை, பதறாதே.

பழைய காலத்தை நினைத்தால் நாம் அதிர்ஷ்டசாலிகள். மாக்ஸ் நிட்சே 1879-இல் வியன்னாவில் சிறுநீர்ப்பைக்குள் பார்க்கும் கருவியைக் காட்டினார். அதன் நுனியில் கனலும் பிளாட்டினக் கம்பி, அது சுடாமல் இருக்கச் சுற்றிலும் ஓடும் தண்ணீர்! ஓர் இடத்தை மட்டும் மரக்கவைக்க மருந்து உண்டு என்பதே, கோகெய்ன் கண்ணை மரக்கவைக்கும் என்று அதே ஊரில் கார்ல் கொல்லர் 1884-இல் கண்டுசொன்ன பிறகுதான். இடைப்பட்ட ஐந்து வருடம் அந்தக் கருவிக்கு ஆளானவர்களுக்கு முழு மயக்கம் தரும் ஈதர், குளோரோஃபார்ம் கிடைத்தால் உண்டு. லிக்னோகெயின் வந்ததோ 1943-இல், ஸ்வீடனில்.

இப்போது அரைமயக்கம். இதில் எல்லோரும் குழம்பும் ஒரு இடம் உண்டு. மிடசோலம் பயத்தைக் குறைக்கும், நடந்ததை மறக்கடிக்கும், ஆனால் அது வலிநிவாரணி இல்லை. வலிக்கு ஃபென்டனில் போன்ற ஒன்றைச் சேர்க்க வேண்டும். இரண்டும் சேரும்போது மூச்சு மந்தமாகும், அதனால்தான் விரலில் ஆக்சிஜன் மானி மாட்டி, ஒருவர் வேறு வேலை பார்க்காமல் நோயாளியையே கவனிக்க வேண்டும். அளவு மிஞ்சினால் மாற்று மருந்து உண்டு. மிடசோலத்துக்கு ஃப்ளூமசெனில், ஃபென்டனிலுக்கு நலாக்ஸோன். ஆளைத் தூங்கவைக்கும் புரோப்போஃபால் கொடுப்பதாக இருந்தால் என்னைப் போன்ற மயக்க மருத்துவர் பக்கத்தில் இருப்பதையே நான் விரும்புவேன். நைட்ரஸ் ஆக்சைடும் ஆக்சிஜனும் பாதிக்குப்பாதி கலந்த வாயு இருக்கும் இடமென்றால் அதைக் கேள். நீயே முகமூடியைப் பிடித்து இழுக்கலாம், நிறுத்திய சில நிமிடங்களில் தெளிந்துவிடும்.

அரைமயக்கம் கேட்பது கோழைத்தனம் இல்லை. முன்பு ஒரு தடவை வலியில் துடித்தவர்கள், பயத்தில் உடம்பு விறைத்துப்போகிறவர்கள், இவர்களுக்கெல்லாம் அது தேவை. ஆனால் தேதி குறிக்கும்போதே சொல்லிவிட வேண்டும். திட உணவு நிறுத்தி 6 மணி நேரம், வெறும் தண்ணீர் நிறுத்தி 2 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். கூட ஒருவர் வர வேண்டும். 24 மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது, முக்கியமான பத்திரத்தில் கையெழுத்தும் போடக் கூடாது. மேஜையில் படுத்தபிறகு கேட்டால் யாராலும் கொடுக்க முடியாது. இன்னொன்று, இதே பகுதியில் சிறுநீர் அழுத்தப் பரிசோதனை என்று ஒன்று உண்டு. அதில் எப்போது முட்டுகிறது என்று நீதான் சொல்ல வேண்டும் என்பதால் மயக்கம் கொடுக்க மாட்டார்கள். உனக்கு எழுதியிருப்பது எது என்று சீட்டைப் பார்த்துக்கொள்.

நம் கேரம் கூட்டாளியைப் பற்றிக் கேட்டிருந்தாய். சக்கர நாற்காலியில் இருந்தாலும் குரலும் கிண்டலும் அப்படியே இருக்கின்றன. அவனுக்கும் இதே பரிசோதனை சொல்லியிருக்கிறார்கள். "எனக்குத்தான் இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியாதே, மருந்து எதற்கு?" என்றான். அடிபட்டது கழுத்தில். மார்புப் பகுதியின் 6-ஆவது முள்ளெலும்புக்கு மேல் தண்டுவடம் அறுந்தவர்களுக்கு, வலி தெரியாவிட்டாலும், சிறுநீர்ப்பை நிரம்பினாலே ரத்த அழுத்தம் தாறுமாறாக எகிறலாம். தலை வெடிப்பதுபோல் வலிக்கும், மூளையில் ரத்தக்கசிவுகூட ஆகலாம். ரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டே செய்ய வேண்டும், முதுகு ஊசியோ மயக்கமோ தேவைப்படலாம் என்று அவன் டாக்டரிடம் நானே பேசிவிட்டேன். நீயும் அவனிடம் ஒரு வார்த்தை அழுத்திச் சொல்.

உனக்கு என் யோசனை: வளையும் குழாய் என்றால் ஜெல் போதும், காத்திருக்கச் சொல். சதை எடுக்க வேண்டியிருக்கும் என்றால் முதுகு ஊசி. ரத்தம் உறையாமல் இருக்க நீ சாப்பிடும் மாத்திரையை மறக்காமல் சொல், அதை வைத்துத்தான் ஊசி போடலாமா என்று முடிவு செய்வார்கள். முடிந்தபிறகு ஓரிரு நாள் எரியும், லேசாக இளஞ்சிவப்பாகப் போகும். நிறையத் தண்ணீர் குடி, வேண்டுமானால் பாராசிட்டமால். காய்ச்சல் வந்தாலோ, ரத்தக்கட்டி வந்தாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ உடனே மருத்துவமனைக்குப் போ, எனக்குப் போன் போட்டுக்கொண்டிருக்காதே.

என் முழங்கால் பழையபடிதான். தேதி தெரிந்ததும் எழுது. கூட வர ஆள் இல்லையென்றால் நான் வருகிறேன், பேத்தி என்னை என்னவென்று கூப்பிடுகிறாள் என்று பார்க்கலாம்.

உன்,
பழைய அறைத்தோழன்