அந்த இரண்டு பக்கத்தையும் போடுங்கள்: மலர்க் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர் அண்ணை, செயலாளர் அக்கா, மலர்க் குழுவில் உள்ள எல்லோருக்கும்,

வணக்கம். போன ஞாயிறு நம் தமிழ்ப் பள்ளிக்கூட வெள்ளிவிழா மண்டப வாசலில் மேசை போட்டு, புத்தகம் 10 பவுண் என்று உங்கள் மலரை விற்றுக்கொண்டிருந்தவன் நான்தான். பின்னேரம் ஆறு மணிக்குள் 63 விற்றேன். ஒன்றைக்கூட விரித்துப் பார்க்க நேரம் கிடைக்கவில்லை. ஏழு மணிபோல மகள் வந்து ஒரு புத்தகத்தைக் கேட்டு வாங்கி, மேசைக்குப் பின்னால் தரையில் இருந்துகொண்டு முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகத் திருப்பினாள். கடைசி அட்டை வரை போனாள். மறுபடியும் முதலிலிருந்து திருப்பினாள். பிறகு புத்தகத்தை மூடி, விற்கிற அடுக்கின் மேலேயே நேராக்கி வைத்துவிட்டு, "அப்பா, இதை நீங்கள் விற்கலாம், நான் மடிக்கவில்லை" என்றாள்.

மற்றது உங்களுக்குத் தெரிந்த கதை. 'நாம் வாழும் ஊர்' என்று தலைப்புக் கொடுத்துப் பிள்ளைகளிடம் கட்டுரை கேட்டது நீங்கள், என் மகள் கிளாப்டன் உதைபந்தாட்டக் கழகத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி அனுப்ப, கிடைத்தது, நன்றாக இருக்கிறது, போடுகிறோம் என்று பதில் எழுதியது நீங்கள், கடைசி வாரம் சத்தமில்லாமல் எடுத்ததும் நீங்கள்தான். இரண்டு மின்னஞ்சல் போட்டேன், பதில் இல்லை. வாட்ஸ்அப்பில் நீலக் கோடு விழுந்ததோடு சரி. அதனால்தான் எல்லோரும் பார்க்கிற மாதிரி எழுதவேண்டி வந்தது, மன்னிக்க வேண்டும். நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அந்த இரண்டு பக்கத்தையும் அடுத்த காலாண்டிதழில் முழுதாகப் போடுங்கள்.

குழுவில் ஒருவர், பெயர் வேண்டாம், நல்ல மனிதர், அன்றைக்கே அவளைக் கூப்பிட்டுக் காரணம் சொன்னாராம்: "அது லீக்கிலேயே இல்லாத கிளப் தானே தங்கச்சி, அடுத்த முறை பெரிய கிளப் ஒன்றைப் பற்றி எழுதுங்கோ." அவள் கட்டுரையில் 'நான்-லீக்' என்று எழுதியிருந்ததை அவர் அப்படிப் புரிந்துகொண்டிருக்கிறார். இந்த நாட்டில் முப்பது வருடம் இருந்து, சனிக்கிழமை தவறாமல் உதைபந்தாட்டம் பார்க்கிறவர்.

மேலே பிரீமியர் லீக், அதன் கீழே மூன்று பிரிவு, எல்லாமாக 92 கழகங்கள். அந்த 92க்கு வெளியே இருப்பவற்றைத்தான் நான்-லீக் என்கிறார்கள். அவைகளுக்கும் லீக் உண்டு, ஏறுவது இறங்குவது உண்டு, மழையில் நின்று பார்க்கிற ஆட்களும் உண்டு. அவள் எழுதிய கிளாப்டன் கழகம் 1905இல் இஸ்த்மியன் லீக்கைத் தொடங்கிய ஆறு கழகங்களில் ஒன்று. நூறு வருடம் அதே லீக்கில் ஆடியிருக்கிறது. அந்த லீக்கில் ஆரம்ப காலத்தில் வென்றவனுக்குக் கோப்பையும் இல்லை, பதக்கமும் இல்லை, மரியாதையே போதும் என்பதுதான் அவர்களுடைய கொள்கை வாசகம். ஞாயிறு விழாவில் நாம் கொடுத்த கேடயங்களை எண்ணத் தொடங்கி, நாற்பது தாண்டியதும் விட்டுவிட்டேன்.

கட்டுரையைக் குழுவில் எத்தனை பேர் வாசித்தீர்கள் என்று தெரியாது. எல்லோரும் வாசித்திருந்தால் இந்த மடலுக்கே வேலை இருந்திருக்காது. கிழக்கு லண்டன் ஃபொரஸ்ட் கேட்டில், அப்டன் லேன் ஓரத்தில், பழைய வீடுகளுக்குப் பின்னால் ஒரு மைதானம் இருக்கிறது. ஓல்ட் ஸ்பொட்டட் டோக் என்று பெயர், பழைய புள்ளி நாய். பக்கத்தில் இருந்த மதுச்சாலையின் பெயர்தான் அது. அந்தக் கட்டடம் 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, எட்டாம் ஹென்றி அரசனின் வேட்டை நாய்களை அங்கே கட்டியிருந்ததாக ஒரு கதையும் உண்டு. 2004இல் மூடினார்கள். கிளாப்டன் கழகம் 1878இலிருந்து அந்தப் பெயரில் இருக்கிறது, 1888இல் இந்த மைதானத்துக்கு வந்தது. கிரீன் ஸ்ட்ரீட்டில் சேலை வாங்கிவிட்டு நடந்தே போகலாம். நாம் எத்தனை தரம் அந்த வழியால் காரில் போயிருப்போம்! பிள்ளை சொல்லும்வரை எனக்கும் தெரியாது, அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

1890இல் உயிர்த்த ஞாயிறு விடுமுறையில் இந்தக் கழகம் கப்பலேறி அன்ட்வெர்ப்புக்குப் போய், பெல்ஜிய அணி ஒன்றை 7-0 என்று வென்றுவிட்டு வந்தது. ஐரோப்பாக் கண்டத்தில் போய் ஆடிய முதல் இங்கிலாந்துக் கழகம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். சம்பளம் வாங்காத ஆட்டக்காரருக்காக இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம் (எஃப்.ஏ.) நடத்திய அமெச்சூர் கோப்பையை ஐந்து தரம், 1907, 1909, 1915, 1924, 1925 என்று எடுத்திருக்கிறார்கள். 1920களில் அங்கே விவியன் கிப்பின்ஸ் என்று ஒருவர் ஆடினார். பள்ளிக்கூட வாத்தியார். வாத்தியார் வேலையை விடாமலே கிளாப்டனுக்கும் ஆடி, வெஸ்ட் ஹாம் என்ற பெரிய கழகத்துக்கும் ஆடி, இங்கிலாந்து அணிக்கும் 2 ஆட்டம் ஆடியிருக்கிறார். தமிழ்ப் பள்ளிக்கூடம் நடத்துகிற நமக்கு இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைப்பாரா?

ஆனால் மகள் அதிக இடம் கொடுத்தது வேறொருவருக்கு, வால்டர் டல் என்பவருக்கு. 1888இல், அதாவது கழகம் அந்த மைதானத்துக்கு வந்த அதே வருடம், ஃபோக்ஸ்டனில் பிறந்தவர். தகப்பன் பார்படோஸிலிருந்து வந்த தச்சர், அவருடைய பெற்றோர் அடிமைகளாக இருந்தவர்கள். தாய் கென்ட் பகுதி வெள்ளைக்காரி. தாய் போய், இரண்டு வருடத்தில் தகப்பனும் போக, சிறு பையனாக இருந்த அவரையும் தமையனையும் பெத்னல் கிரீன் அநாதை இல்லத்தில் கொண்டுபோய் விட்டார்கள். தமையனை கிளாஸ்கோவில் ஒரு குடும்பம் தத்தெடுத்துக்கொண்டது. இவர் இல்லத்திலேயே இருந்து அச்சுத்தொழில் பழகினார். 1908இல் கிளாப்டன் இவரை எடுத்தது. அந்த ஒரே பருவத்தில் கழகம் அமெச்சூர் கோப்பையோடு லண்டன் சீனியர் கோப்பையையும் வென்றது. அடுத்த பருவத்துக்கு டொட்டன்ஹாம் கழகம் கூப்பிட்டுவிட்டது. பிரிஸ்டலில் ஒரு ஆட்டத்தில் கூட்டம் அவருடைய நிறத்தைச் சொல்லிக் கத்திய கத்தலைப் பத்திரிகைக்காரரே எழுதியிருக்கிறார். பிறகு நோர்தாம்ப்டன் கழகத்தில் நூறு ஆட்டத்துக்கு மேல். முதலாம் உலகப் போர் வந்ததும் படையில் சேர்ந்து, கறுப்பினத்தவர் அதிகாரியாகக் கூடாது என்ற விதி இருக்கும்போதே 1917இல் அதிகாரியானார். 1918 மார்ச் 25 பிரான்சில் சுடப்பட்டு இறந்தார். உடல் கிடைக்கவில்லை.

இதைத் தமிழில் எழுத என் மகளுக்கு மூன்று சனிக்கிழமை பிடித்தது. அவளுக்கு 13 வயது, இங்கே பிறந்தவள், ரகரமும் றகரமும் இன்னும் அவளுக்குச் சண்டைதான். அகராதியைத் தொடமாட்டேன், அம்மம்மாவிடம்தான் கேட்பேன் என்று பிடிவாதம். அநாதை இல்லம் என்ற சொல்லைக் கேட்கப் போனவளை என் மாமியார் விடவில்லை. "என்ன வயசில பிள்ளை அவனை விட்டவை?" என்று கேட்டு, முழுக்கதையையும் சொல்லவைத்து, அடுத்த நாள் காலமை தேத்தண்ணி குடிக்கும்போது "அந்தப் பெடியனின்ர தமையனை அவன் பிறகு கண்டவனோ?" என்று கேட்டார். கண்டிருக்கிறார். தமையன் கிளாஸ்கோவில் பல் வைத்தியராக வந்திருந்தார். அதைச் சொன்ன பிறகுதான் மாமியாருக்கு நிம்மதி. எங்கள் வீட்டில் அம்மம்மாவும் பேத்தியும் ஒரு விடயத்தை இவ்வளவு நேரம் தமிழில் கதைத்ததை நான் அதற்கு முன் பார்க்கவில்லை. உங்கள் யாப்பில், இரண்டாவது நோக்கமோ மூன்றாவதோ, அடுத்த தலைமுறையோடு தமிழில் உரையாடல் என்று ஒன்று இருக்கிறது.

அந்தக் கட்டுரை வரவேண்டிய 41ஆம் பக்கத்தில் என்ன இருக்கிறது? போன வருடம் தலைக்கு 35 பவுண் வாங்கி, கோச் பிடித்து, பிள்ளைகளை ஒரு பெரிய அரங்கம் பார்க்கக் கொண்டுபோன படங்கள், ஒன்பது. ஆட்டம் இல்லாத நாளில் வெறும் கதிரைகளுக்கு முன்னால் நின்று எடுத்தவை. 42இல் நகைக்கடை விளம்பரம். விளம்பரம் இல்லாமல் மலர் இல்லை, அது எனக்கு விளங்கும், நானும் மூன்று கடை ஏறிக் கேட்டு வாங்கித் தந்தவன். ஆனால் வாழ்த்துச் செய்தி 17 பக்கம். ஒரே ஆள் இரண்டு பதவியில் இரண்டு படத்தோடு இரண்டு தரம் வாழ்த்துகிறார். குத்துவிளக்கு ஏற்றுகிற படம் மட்டும் ஆறு, விளக்கு ஒன்றுதான், கைதான் வேறு. அடுத்த வருடம் பேசாமல் பொன்னாடைக்கென்றே ஒரு தனி மலர் போட்டுவிடலாம். பிரதம விருந்தினர் ஒன்றரை மணித்தியாலம் பிந்தி வந்து, எங்கள் பிள்ளைகளுக்கு வரலாறு தெரியவில்லை என்று நாற்பது நிமிடம் கவலைப்பட்டதையும், அதற்குள் மண்டப நேரம் முடிந்து சின்னப் பிள்ளைகளின் நடனம் வெட்டுப்பட்டதையும் நான் இங்கே சொல்ல வரவில்லை.

சரி, எங்கோ போய்விட்டேன். கோபம் இல்லாமல் எழுதவேண்டும் என்றுதான் இருந்தேன்.

எனக்கு விளங்காதது ஒன்று. நம் ஊர்க் கழகங்களின் கதை என்றால் நாம் விடியும்வரை கதைப்போம். எண்பத்தியோராம் ஆண்டு இறுதியாட்டத்தில் விழுந்தது கோலா ஓஃப்சைடா என்று இந்தக் குழுவில் இருக்கிற இரண்டு பேர் இன்னும் முகம் பார்த்துக் கதைப்பதில்லை. அந்தக் கழகம் எந்த லீக்கில் இருந்தது? பனங்காணிக்குப் பக்கத்தில் ஒரு வெட்டை, இரண்டு கம்பம், பின்னேரம் ஆனால் ஊரே வந்து நிற்கும். அதுதான் கழகம். அப்டன் லேனில் இருப்பதும் அதேதான்.

சண்டையும் அதே மாதிரிதான். பழைய நிர்வாகத்தோடு ஆதரவாளர்களுக்கு வருடக்கணக்காகப் பிரச்சினை. 2018இல் ஆதரவாளர்கள் வெளியே வந்து, அங்கத்தவர் எல்லோருக்கும் சமனான வாக்கு என்று தாங்களே கிளாப்டன் சமூகக் கழகம் என்று ஒன்றைத் தொடங்கி, கீழ்ப்படியிலிருந்து ஆடத் தொடங்கினார்கள். அப்போது எது உண்மையான கழகம், கட்டுரையில் எதை எழுதியிருக்கிறாள் என்றும் உங்களில் யாரோ கேட்டதாகக் கேள்வி. ஒரு சங்கம் இரண்டாகி இரண்டு பெயரில் பதிவதை நாமா புதிதாகப் பார்க்கிறோம்? அவள் இரண்டையும்தான் எழுதியிருக்கிறாள்.

வெளியே வந்தவர்கள் வோல்தம்ஸ்டோவில் ஒரு மைதானத்தை வாடகைக்கு எடுத்து, அதற்குத் 'தெருநாய்' என்று பெயர் வைத்துக்கொண்டு ஆடினார்கள். ஸ்பானிய உள்நாட்டுப் போரில் பாசிசத்தை எதிர்த்துப் போரிடப் போனவர்களின் நினைவாகச் சிவப்பு, மஞ்சள், ஊதாவில் ஒரு சட்டை அடிக்க, ஸ்பெயினிலிருந்து ஆயிரக்கணக்கில் கேட்டு வந்தது. 2020இல் ஓல்ட் ஸ்பொட்டட் டோக் மைதானத்தையே உறுதியோடு வாங்கிவிட்டார்கள். அடுத்த வருடம் அவர்களுடைய பெண்கள் அணி பெண்களுக்கான எஃப்.ஏ. கோப்பையில் மூன்றாம் சுற்று வரை போனது. நாமோ 25 வருடமாகக் கட்டட நிதி சேர்க்கிறோம், இன்னமும் வாடகை மண்டபம்தான். பெரிய கழகம் பெரிய கழகம் என்கிறீர்களே, வெஸ்ட் ஹாம் 1904இலிருந்து கிரீன் ஸ்ட்ரீட்டில் இருந்துவிட்டு 2016இல் ஸ்ட்ராட்ஃபோர்டுக்குப் போனது, இருந்த இடத்தில் இன்றைக்கு அடுக்குமாடி. இந்தப் பக்கத்தில் மைதானத்தோடு மிஞ்சியிருப்பது நீங்கள் லீக்கில் இல்லை என்று தள்ளிவிட்ட கழகம்தான்.

ஆகவே பணிவாகத்தான் கேட்கிறேன். அந்த இரண்டு பக்கத்தையும் போடுங்கள். சுருக்கி நாலு வரித் துணுக்காகப் போடுகிறோம் என்று தயவுசெய்து சொல்லவேண்டாம். 'இடமின்மையால் பிரசுரிக்க முடியவில்லை' என்ற பெட்டிச் செய்தியும் வேண்டாம். காலாண்டிதழில் இடம் இல்லையென்றால் பரிசளிப்பு அன்று அவளை மேடையில் வாசிக்க விடுங்கள், ஆறு நிமிடம் போதும், வீட்டில் நேரம் பார்த்துவிட்டோம். ஆனால் முதலில் கேட்பது அச்சில்தான். வால்டர் டல்லும் அச்சுக்கோர்க்கப் பழகியவர் என்று அவள் தனியாகக் கோடிட்டு எழுதியிருக்கிறாள்.

மூலப்பிரதி பிளாஸ்டிக் உறையில் என்னிடம் இருக்கிறது. வருகிற சனி வகுப்பு முடிந்ததும் சிற்றுண்டிச்சாலையடியில் நிற்பேன், யாராவது ஒருவர் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். அன்ட்வெர்ப்பை ஒல்லாந்து என்று எழுதியிருந்தாள், பெல்ஜியம் என்று அவளே திருத்திவிட்டாள். ரகர றகரம் பார்க்க வேண்டியது நீங்கள். தலைப்பை மட்டும் தொடவேண்டாம். முதலில் 'கிழட்டுப் புள்ளி நாய்' என்று வைத்து, அம்மம்மா சிரித்த சிரிப்பில் கிழட்டை வெட்டிவிட்டு, இப்போது 'புள்ளி நாய் மைதானம்' என்று வைத்திருக்கிறாள்.

மீதி 37 புத்தகமும் விற்ற காசு 630 பவுணும் என்னிடம்தான் இருக்கின்றன. அவற்றையும் சனிக்கிழமை கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
வாசலில் மலர் விற்றவன்