யாருக்கு அம்மா?

மாப்ள,

உன் கடுதாசி வந்து மூணு வாரம் ஆச்சு. வாட்ஸ்அப்ல ரெண்டு வரி தட்டிவிட்டுத் தப்பிச்சிருக்கலாம். இந்தக் காலத்துலயும் இன்லேண்ட் லெட்டர் தேடி வாங்கி எழுதுற ஒரே ஆளு நீதான், அதனால பதிலும் பேனா பிடிச்சுத்தான் எழுதணும்னு வச்சிருந்தேன். அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு படிச்சதும் நிம்மதி. மாடிப்படி ஏற இன்னும் ரெண்டு மாசம் விடாத. சொன்னாக் கேக்காது, தெரியும்.

"படம் எந்த அளவுல இருக்கு, ஹீரோ யாரு?"ன்னு கேட்டிருந்த. ஹீரோ இல்லடா. ஹீரோயினும் இல்லன்னுதான் ஊரெல்லாம் சொல்றாங்க. நாப்பத்தேழு வயசுல ஒரு பொம்பளை, மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்ல மல்லி வாங்கிக் கட்டி விக்கிறவ, புருஷன் பேர்ல இருக்கிற கடையைத் தன் பேருக்கு மாத்தப் படுற பாடு. அவ்வளவுதான் கதை. எழுபது லட்சம், இருபத்திமூணு நாள் ஷூட்டிங்.

முதல்ல என் வண்டவாளத்தைச் சொல்லிடுறேன். கதை எழுதினப்ப நான் போட்ட வரி என்ன தெரியுமா? "வயது 38. பார்த்தால் 30 சொல்லலாம்." ஸ்கிரிப்டை வீட்ல படிச்சுட்டு என் பொண்டாட்டி கேட்டா: "இருபது வருஷமா வெயில்ல உக்காந்து பூ விக்கிறவளுக்கு முப்பது எப்படிச் சொல்லுவ? எனக்கே நாப்பத்திரெண்டு, என்னைப் பார்த்தா எவ்வளவு சொல்லுவ?" அதுக்குப் பதில் சொல்லிட்டு அந்த வீட்ல சோறு திங்க முடியுமா? பேசாமப் போயி வரியை அடிச்சேன். எந்தப் புரொட்யூசரும் கேக்குறதுக்கு முன்னாடியே நானா குறைச்ச வயசு அது.

புரொட்யூசர்கள் பிறகு கேட்டாங்க, அது வேற. ஒருத்தர் முழுக் கதையும் கேட்டுட்டு, கண்ணெல்லாம் கலங்கி, "அருமை தம்பி, முப்பது வயசு ஹீரோயின் ஒண்ணைப் போட்டு ரெண்டு பக்கமும் நரை அடிச்சுடலாம்"னார். இன்னொருத்தர் பதினைஞ்சு நிமிஷம் ஃபிளாஷ்பேக் வைக்கச் சொன்னார், போஸ்டர்ல ஒரு இளசு முகம் வேணுமாம். இவங்களை மட்டும் திட்டிப் பிரயோஜனமில்லை. சின்னப் படத்துக்குக் கணக்கே முகத்துல ஆரம்பிக்குது: சாட்டிலைட்டுக்கு, அதான் டிவி உரிமைக்கு, என்ன வரும், ஓடிடி எடுப்பானா, இந்தி டப்பிங் போகுமா. எந்தக் கேள்விக்கும் முதல் பதில் "யாரு நடிச்சிருக்கா?"தான். வெள்ளிக்கிழமை காலைல பத்துப் பேர் டிக்கெட் எடுக்கலன்னா ஷோ கேன்சல். 'அம்மா கணக்கு'ல அமலா பாலுக்கு இருபத்தஞ்சு கூட ஆகல, பத்தாம் வகுப்புப் பொண்ணுக்கு அம்மாவா நடிச்சாங்க. நல்லாத்தான் நடிச்சாங்க. ஆனா அந்த வயசுல நிஜமாவே இருக்கிற நடிகைங்க எல்லாம் அந்நேரம் எங்க உக்காந்திருந்தாங்க?

எங்கன்னு எனக்குத் தெரியும். சீரியல்ல. நான் தேடிப் போனதும் அங்கதான். அவங்க பேரை இப்ப எழுதல, புரொட்யூசர் அறிவிக்கிற வரை வாய் திறக்கக் கூடாதாம். தொண்ணூறுகள்ல ஹீரோயினுக்குத் தோழியா நாலஞ்சு படம். இருபத்தெட்டு வயசுல அம்மா வேஷம். அதுலருந்து இன்னிக்கு வரை அம்மா, மாமியார், அத்தை. ஒரு சீரியல்ல இவங்களுக்கு மகனா நடிக்கிறவர் இவங்களை விட ரெண்டு வயசு மூத்தவர்.

போன் பண்ணி "படம் ஒண்ணு பண்றேன்க்கா, நீங்க நடிக்கணும்"னேன். அந்தப் பக்கம் குக்கர் விசில். அணைச்சுட்டு வந்து கேட்டாங்க: "யாருக்குத் தம்பி அம்மா?"

"யாருக்கும் இல்லக்கா."

கொஞ்ச நேரம் சத்தமில்ல. அப்புறம், "கடைசில செத்துருவேனா?"

ஸ்ரீவித்யா ஞாபகம் வந்துச்சு மாப்ள. 1975-ல 'அபூர்வ ராகங்கள்' வந்தப்ப அவங்களுக்கு இருபத்திரெண்டு வயசு. அப்பவே ஜெயசுதாவுக்கு அம்மா, ரஜினிக்கு மனைவி, கமலுக்குக் காதலி. பதினாலு வருஷம் கழிச்சு 'அபூர்வ சகோதரர்கள்'ல அதே கமலுக்கு அம்மா. 1991-ல 'தளபதி'ல அதே ரஜினிக்கு அம்மா. ரஜினியை விட ரெண்டரை வயசு சின்னவங்க! காதலனும் புருஷனும் ஹீரோவாவே நிக்க, இவங்க மட்டும் அவங்களுக்குத் தாயாகிப் போனாங்க. 'தளபதி'ல அந்த ரயிலு, மஞ்சள் துணி எல்லாம் பார்த்து நாம மீனாட்சி தியேட்டர் பெஞ்சுல அழுதோமே, அன்னிக்கு இதெல்லாம் உறைக்கவே இல்லையே.

நடந்ததே இல்லன்னு சொல்ல வரல. 'தில்லு முல்லு'ல ரஜினிக்குத் தங்கச்சியா வந்த விஜி சந்திரசேகர், முப்பத்தோரு வருஷம் கழிச்சு 2012-ல 'ஆரோகண'த்துல படத்தையே தோள்ல சுமந்தாங்க. லக்ஷ்மி ராமகிருஷ்ணன் எடுத்த சின்னப் படம். இப்ப 'அங்கம்மாள்'ல கீதா கைலாசம், ரவிக்கை போட மாட்டேன்னு நிக்கிற கிராமத்துப் பொம்பளையா. ரெண்டையும் கிடைச்சாப் பாரு. ரெண்டுமே பெரிய காசுல எடுத்த படம் இல்லைங்கிறதையும் கவனி. காசு கம்மியா இருக்கிற இடத்துலதான் இந்தப் பொம்பளைங்களுக்கு இடம் கிடைக்குது. சந்தோஷப்படுறதா வயித்தெரிச்சல் படுறதான்னு தெரியல.

தேதி வாங்கினது தனிக் கூத்து. சீரியல்காரங்க ஒரு மாசத்துக்கு மேல விடணும்ல? கதையில மாமியாரைக் காசிக்கு அனுப்பிட்டாங்க. இவங்க இல்லாத நேரம் மருமக வீட்டை ஆட்டையப் போட்டு டிஆர்பி ஏறிடுச்சாம். "திரும்பி வர வேண்டாம்னு சொல்லிடுவாங்களோ தம்பி"ன்னு ஷூட்டிங் பூரா பயந்துக்கிட்டே இருந்தாங்க. சிரிச்சாலும் பயம் நிஜம்தான், வாடகையும் பொண்ணு காலேஜ் ஃபீஸும் அந்த மாமியார் சம்பளத்துலதான் ஓடுது.

ஷூட்டிங்குக்கு முன்னாடி பத்து நாள் மார்க்கெட்ல ஒரு பூக்கார அக்காகிட்ட உக்கார வச்சேன். விடியக்காலம் மூணரைக்கு எந்திரிச்சு வந்துருவாங்க. தை முகூர்த்த நேரம், பனியில வரத்துக் குறைஞ்சு மல்லி விலை ஆயிரத்தைத் தாண்டி நிக்குது. அந்த விலைப் பூவை இவங்க கையில குடுக்க அந்தக்காவுக்கு மனசு வரல. முதல் மூணு நாள் கனகாம்பரந்தான். நனைச்ச வாழை நாரை இழுத்து முடிச்சுப் போட்டுப் போட்டு ஆள்காட்டி விரல் ஓரத்துல சின்னதா ஒரு கோடு விழுந்துச்சு. மேக்கப்மேன் அதை மறைக்க வந்தான், கையைத் தட்டிவிட்டேன். முழம் போடுறப்ப கையைக் கொஞ்சமா உள்ள மடக்குற வித்தையும் கத்துக்கிட்டாங்க. அதுக்கு மட்டும் ரெண்டு நாளாச்சு.

ஆறாம் நாள் ஒரு ஷாட். விலை கேட்டு ஒருத்தன் போறான், இவங்க எந்திரிச்சுப் பின்னாடி கூப்பிடணும். ஸ்கிரிப்ட்ல "எழுகிறாள்"னு ஒரே வார்த்தை. எந்திரிக்கிறப்ப கை பழக்கத்துல தராசுப் பக்கம் போச்சு, தராசுல ஊனக்கூடாதுன்னு அந்தக்கா சொல்லியிருக்கு, டக்குனு கையை எடுத்துத் தொடையில வச்சு, ஒரு மூச்சு விட்டு, பிறகு எந்திரிச்சாங்க. அதுக்குள்ள வாடிக்கை ரோட்டைத் தாண்டிட்டான். கூப்பிட வாயைத் திறந்து, கூப்பிடாம உக்காந்துட்டாங்க. இதை என்னால எழுதியிருக்க முடியாது மாப்ள. முப்பது வயசு முட்டிக்கு இது வரவும் வராது. நரை எவ்வளவு அடிச்சாலும்.

இதோட நிறுத்தினா நான் பெரிய உத்தமன் மாதிரி இருக்கும். அடுத்ததைக் கேளு. டிஐ வேலைக்கு, அதான் கம்ப்யூட்டர்ல கலர் சரி பண்ற வேலைக்கு, படத்தைக் குடுத்தோம். நாலு நாள் கழிச்சுப் போய்ப் பார்த்தா, நாப்பது ஷாட்டுக்கு மேல கண்ணுக்குக் கீழ இருந்த கருவளையம் காணாமப் போயிருக்கு, கன்னமெல்லாம் வழுவழுன்னு. அந்தப் பையன் நல்ல எண்ணத்துலதான் பண்ணியிருக்கான், நடிகைன்னாலே அப்படித்தான் பண்ணிப் பழக்கம். எல்லாத்தையும் பழையபடி மாத்தச் சொன்னேன். மறுநாள் டப்பிங்ல அவங்க திரையில தன் முகத்தைப் பார்த்துட்டு மெதுவாக் கேட்டாங்க: "தம்பி, கண்ணுக்குக் கீழ மட்டும் லேசாக் குறைச்சுக்கலாமா? இவ்வளவு பெருசா நான் என்னைப் பார்த்ததே இல்ல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. கதைக்காகத்தான்னு விளக்கம் சொன்னேன், அவங்களும் தலையாட்டினாங்க. ஆனா முகம் அவங்களோடது, மாப்ள. நாளைக்கு அதை வச்சு மாமியார் வேஷத்துக்குக் கூட "ரொம்ப வயசாயிடுச்சே"ன்னு எவனாவது சொன்னா நான் போய் நிப்பேனா? கடைசியில, கல்யாண மண்டபத்துல அவங்க பட்டுப்புடவை கட்டி வர்ற ஒரே ஒரு ஷாட்ல குறைக்கச் சொல்லிட்டேன். அந்த ஷாட் மட்டும் இப்ப எனக்குப் பொய்யாத் தெரியுது. அவங்களுக்கு அதுதான் ரொம்பப் பிடிச்ச ஷாட்.

படம் இப்ப ரெண்டு மணி நாலு நிமிஷம் நிக்குது. மியூசிக் பாக்கி. வாங்க ஆள் வரல. வந்த ஒருத்தரும் டிரெய்லர் பார்த்துட்டு "இந்தம்மாவோட மகனா யாரு பண்ணியிருக்கா?"ன்னார்.

சித்திரைத் திருவிழாவுக்கு வந்துருவேன். நீ குடுத்த அம்பதாயிரம் அப்பவும் கையில வருமான்னு தெரியல, திட்டாத. இன்னொண்ணு, மாட்டுத்தாவணிப் பக்கம் போனா அந்தப் பூக்கார அக்காவுக்கு முந்நூறு ரூபா குடுத்துடு. கடைசி நாள் வாங்கின பிச்சிப் பூவுக்கு, சில்லறை இல்லன்னு பாக்கி வச்சுட்டு வந்துட்டோம். நான் அனுப்பினேன்னு சொல்லாத, "அந்த நடிகையம்மா குடுக்கச் சொன்னாங்க"ன்னு சொல்லு. அவங்களைத்தான் அதுக்குத் தெரியும்.

உன்
பழைய ரூம்மேட்