மாமாவிடம் நீயே பேசு

அன்பு மகளுக்கு,

நலம், நலமறிய ஆவல். இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் சாயங்காலமானால் மழைதான். அம்மாவுக்கு முட்டிவலி கொஞ்சம் பரவாயில்லை.

போனில் சொன்னால் நீ "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். விஷயம் உன் பெரிய மாமாவைப் பற்றி.

அவர் சட்டைப்பையில் பழுப்பு நிறக் கண்ணாடிப் புட்டி ஒன்று எப்போதும் இருக்குமே, நெஞ்சை அடைத்தால் நாக்குக்கு அடியில் வைக்கிற ஜிடிஎன், அதாவது நைட்ரோகிளிசரின் மாத்திரை. அந்த மனிதர் இப்போது நேரடி விற்பனைக்காரர் ஒருவரிடம் மாட்டியிருக்கிறார். டப்பா மாவு, நூறு ரிங்கிட்டுக்கு மேல். "நைட்ரிக் ஆக்சைடு ஊறும், ரத்தக் குழாய் திறக்கும்" என்று சொல்லி விற்கிறார்கள். மாவு வாங்கினால் 'ஆண்களுக்கான கோப்பி' ஒரு பெட்டி இலவசமாம். வேண்டாம் மச்சான் என்றேன். "உங்கள் மகளே சொன்னாளே, நைட்ரிக் ஆக்சைடு நல்லதென்று" என்கிறார். போன தீபாவளிக்கு வீட்டு முன் அஞ்சடியில் உட்கார்ந்து, உடம்பு தானே செய்யும் வாயுக்களையும் அயன் சேனல்களையும் பற்றிய உன் ஆராய்ச்சியை அத்தனை நேரம் விளக்கினாய். அவர் காதில் தங்கியது இந்த ஒரு வரிதான்.

என் பேச்சு அவரிடம் எடுபடாது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் என்றால் புண்ணுக்கு மஞ்சள் மருந்து தடவியவன், அவ்வளவுதான் அவர் கணக்கு. ஆகவே நான் படித்ததை எல்லாம் கீழே எழுதுகிறேன். பார்த்துவிட்டு நீயே அவரிடம் பேசு.

ரத்தக் குழாயின் உள்சுவர்ச் செல்கள், ஆர்ஜினைன் என்ற அமினோ அமிலத்திலிருந்து நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைத் தயாரிக்கின்றன. அதற்குச் சில வினாடிதான் ஆயுசு. அதற்குள் பக்கத்துத் தசைச் செல்லில் புகுந்து, சிஜிஎம்பி என்ற தூதுப்பொருளைப் பெருக்கிவிடுகிறது. அது கூடினால் செல்லின் சவ்வில் இருக்கும் பொட்டாசியம் சேனல்கள் திறக்கின்றன. நீ சொல்லும் அயன் சேனல்களை நான் கதவுகள் என்றே வைத்துக்கொண்டேன். பொட்டாசியம் வெளியே போனதும் செல்லுக்குள் மின்னழுத்தம் இறங்கும்; உடனே கால்சியம் கதவு சாத்திக்கொள்ளும்; கால்சியம் வரத்து குறைந்தால் தசை தளர்ந்து குழாய் விரியும். தசை தளர வேறு வழிகளும் உண்டு, மாமாவுக்கு இது போதும்.

நைட்ரோகிளிசரின் இந்த வாயுவை விடுவித்துத்தான் வேலை செய்கிறது என்று 1977இல் ஃபெரிட் முராட் காட்டினார். 1980இல் ராபர்ட் ஃபர்ச்காட், குழாயின் உள்சுவரைச் சுரண்டிவிட்டால், வழக்கமாகக் குழாயை விரிக்கும் அசிட்டைல்கோலின் என்ற பொருளுக்கு அது விரிவதில்லை என்று கண்டார். இருவரும் லூயி இக்னாரோவும் 1998இல் நோபல் பரிசு வாங்கினார்கள். அந்தப் பரிசுப் பணமே நைட்ரோகிளிசரினை டைனமைட் ஆக்கிச் சம்பாதித்தது! டைனமைட் ஆலைத் தொழிலாளிகளுக்குத் திங்கட்கிழமை தலைவலி வருமாம், ஞாயிறு விடுப்பில் உடம்பு பழக்கம் விட்டுப்போவதால். மாமா முதல் மாத்திரை போட்ட அன்று தலையைப் பிடித்துக்கொண்டு கிடந்ததும் இதே காரணத்தால்தான், குழாய் விரிவதால்.

இப்போது கோப்பிக்கு வருகிறேன். எனக்குப் பயம் மாவைவிட இதில்தான். சிஜிஎம்பியைச் சிதைத்து அடக்குவதற்கென்று ஒரு நொதி இருக்கிறது. ஆண்மைக் குறைவுக்குக் கொடுக்கும் சில்டெனாபில், டாடாலாஃபில் ரக மருந்துகள் அந்த நொதியைத் தடுக்கின்றன. ஒரு பக்கம் ஜிடிஎன் சிஜிஎம்பியை ஏற்றுகிறது, மறு பக்கம் அதை இறக்க ஆளில்லை. ரத்த அழுத்தம் சடாரென்று விழும், ஆளே போய்விடலாம். அதனால்தான் சில்டெனாபில் சாப்பிட்ட 24 மணி நேரத்துக்குள்ளும், டாடாலாஃபில் என்றால் 48 மணி நேரத்துக்குள்ளும் ஜிடிஎன் கூடாது என்பது. இந்த மாதிரிக் கோப்பிகளில் இந்த மருந்துகள் கள்ளத்தனமாகக் கலந்திருப்பதைப் பிடித்து நம் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. பெட்டியில் தொங்காட் அலி, ஜின்செங் என்றுதான் அச்சடித்திருக்கும். நாளைக்கு நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனால், "அந்த மாதிரி மருந்து ஏதும் சாப்பிட்டீர்களா" என்று கேட்பார்கள். மாமா சத்தியமாக இல்லை என்பார், கோப்பிதானே குடித்தேன் என்று.

மாவு டப்பாவில் இருப்பது ஆர்ஜினைன். அமெரிக்காவில் மாரடைப்பு வந்த 153 பேரை வைத்துச் சோதித்து, 2006இல் முடிவை வெளியிட்டார்கள். ஆர்ஜினைன் சாப்பிட்டவர்களுக்கு ஒரு பலனும் இல்லை. அவர்களில் 6 பேர் இறந்தார்கள், மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் யாரும் இல்லை. சோதனையையே பாதியில் நிறுத்திவிட்டார்கள். இதை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்.

உன் அத்தை சங்கதி நினைவிருக்கிறதா? நீ அப்போது ஃபாரம் ஃபைவ். தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலையில் பால்குடம் எடுத்தாள். விரதம், காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் இல்லை, ஆனால் சர்க்கரை மாத்திரையை மட்டும் மறக்காமல் போட்டிருக்கிறாள். வரிசையில் நிற்கும்போது கை நடுங்கியது, பேச்சு குழறியது, கண் எங்கோ சொருகியது. சுற்றி நின்றவர்கள் "அருள் வந்துருச்சு" என்று வேப்பிலையோடு வந்துவிட்டார்கள். பின்கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன், ஜில்லென்ற வேர்வை. நல்லவேளை, விழுங்க முடிந்தது. பக்கத்துப் பிள்ளையிடமிருந்த மைலோ பாக்கெட்டை வாங்கி உறிஞ்ச வைத்தேன். கொஞ்ச நேரத்தில் "ஏன் எல்லாரும் என்னையே பார்க்கிறீங்க?" என்று கேட்டாள்.

அவள் மாத்திரை கிளிபென்கிளமைடு. அதுவும் பொட்டாசியம் கதவுதான், ஆனால் கணையத்தில். சர்க்கரை ஏறினால் செல்லின் எரிபொருளான ஏடிபி கூடி அந்தக் கதவு சாத்தும், கால்சியம் உள்ளே வரும், இன்சுலின் வெளியேறும். மாத்திரையோ சர்க்கரை இருக்கிறதா என்று விசாரிக்காமல் கதவைச் சாத்திவிடுகிறது. சாப்பிடாதவளுக்கும் இன்சுலின் கொட்டும்.

இதே கதவுக்கு மரபணுக் கோளாறு வந்து சாத்தாமலே நின்றுவிட்டால், பிறந்த சில மாதங்களிலேயே குழந்தைக்கு நீரிழிவு. அதை 2004இல் கண்டுபிடித்தார்கள். ஊசியோடு வாழ்நாள் முழுக்க என்று விதிக்கப்பட்ட பிள்ளைகள். உன் அத்தை சாப்பிடும் அதே பழைய மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தபோது 49 பேரில் 44 பேர் இன்சுலினை விட்டுவிட்டார்கள். 2006இல் வெளிவந்த முடிவு. இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை, சந்தோஷத்தில்தான்.

அப்புறம் உன் வாயு. ஹைட்ரஜன் சல்ஃபைடு என்று நீ சொன்னதும் அம்மா மூக்கைப் பொத்தினாள், செம்பனை ஆலைக் கழிவுக் குளம் ஞாபகத்தில். அழுகிய முட்டை நாற்றம் இருக்கும்வரை ஓடிவிடலாம். காற்றில் நூறு பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் நூறு பங்கு அளவுக்குப் போனால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது, அங்கேதான் ஆள் விழுவது. அந்த விஷத்தை நம் உடம்பே துளித்துளியாகச் செய்கிறது என்றால் யார் நம்புவார்கள்? ஜப்பானில் கிமுரா 1996இல் மூளையில் அதற்கு வேலை உண்டு என்றார். கனடாவில் ரூயி வாங் குழு 2001இல், ரத்தக் குழாயில் ஏடிபி சார்ந்த பொட்டாசியம் கதவை அது திறப்பதைக் காட்டியது. அதைத் தயாரிக்கும் நொதி இல்லாத எலிகளுக்கு ரத்தக் கொதிப்பு வந்தது, 2008இல். ஆனால் கணையச் செல்லிலும் அதே ரகக் கதவைத் திறந்து, எலிச் செல்களில் இன்சுலினைக் குறைக்கிறது. குழாய்க்கு உதவுவது கணையத்துக்கு இடைஞ்சல். நாளைக்கே யாராவது இதையும் டப்பாவில் அடைத்து "இயற்கை வாயு" என்று பசாரில் கடை விரிப்பான். அதற்கு முன்னால் நீ மாமாவுக்குச் சொல்லிவிட வேண்டும், எந்த வாயுவும் எந்தச் செல்லில், எந்தக் கதவில், எவ்வளவு என்று கேட்காமல் நல்லதும் இல்லை கெட்டதும் இல்லை என்று.

கார்பன் மோனாக்சைடும் இப்படித்தான். அடிபட்ட இடம் நீலம், பச்சை, மஞ்சள் என்று மாறுவதை எத்தனை முழங்காலில் பார்த்திருக்கிறேன். ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் ஹீம் உடைந்து பச்சை நிறம் வரும் அதே படியில்தான் கார்பன் மோனாக்சைடும் கொஞ்சம் வெளிவருகிறதாம். அது தெரியாமலே கட்டுப்போட்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு மாமா நம் வீட்டுக்கு வருவார். உனக்கு லீட்ஸில் மதிய நேரம். வீடியோவில் கூப்பிடு. முதலில் கோப்பி, பிறகு மாவு. அவரைத் திட்டாதே, "மாமா, உங்க மாத்திரை எப்படி வேலை செய்யுதுன்னு சொல்லட்டுமா" என்று ஆரம்பித்தால் கேட்பார். தமிழிலேயே சொல், நடுவில் ஆங்கிலம் வந்தால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். கோப்பிப் பெட்டியை அத்தை ஒளித்து வைத்திருக்கிறாள், அதைப் பற்றி வாயைத் திறக்காதே.

அன்புடன்,
அப்பா

பின்குறிப்பு: பூண்டிலிருந்து ரத்தச் சிவப்பணுக்கள் உன் வாயுவை உண்டாக்குவதாக 2007இல் ஒரு கட்டுரை வந்ததாமே. ரசத்துக்குத் தட்டிப் போட்டுக் கொதிக்கவிட்ட பூண்டுக்கும் அது பொருந்துமா என்று அம்மா கேட்கிறாள். பதில் எழுது.