கேள்விப் பெட்டியை எப்போது திறப்பீர்கள்?

நம் கிரிக்கெட் சங்கத்தின் தலைவர், செயலாளர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

போன சனிக்கிழமை தண்டையார்பேட்டை மண்டபத்தில் நடந்த சிறப்பு விருந்தினர் கூட்டத்தைப் பற்றி எழுதுகிறேன். அன்று மேடையில் இருந்தவர்கள் நீங்கள். என்ன நடந்தது என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தவர்களுக்கு அது எப்படி இருந்தது என்பதை மட்டும் சொல்லிவிட்டு, ஒரே ஒரு கோரிக்கை வைக்கிறேன். விருந்தினர் பேசி முடித்ததும் கேள்விகளுக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். மாலை, பொன்னாடை, நினைவுப் பரிசு எல்லாம் அதற்கு அப்புறம் வரட்டும்.

அழைப்பிதழில் மாலை 6 மணி என்று போட்டிருந்தீர்கள். விருந்தினர் ஐந்தே முக்காலுக்கே வந்துவிட்டார். பழைய அம்பயர் அல்லவா, டாஸுக்கு முன்பே மைதானத்தில் நின்று பழகியவர். மடியில் ஒரு துணிப்பையை வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கூட்டம் தொடங்கியபோது மணி 7.10. யாருக்காகக் காத்திருந்தோம் என்று உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். வந்தவர் குத்துவிளக்கில் ஒரு திரியை ஏற்றினார், 'வட சென்னை வீரம் விளைந்த மண்' என்றார், கைபேசியைப் பார்த்தபடியே கிளம்பிவிட்டார். பிறகு வரவேற்புரை, ஆண்டறிக்கை, விருந்தினர் அறிமுகம், அறிமுகத்துக்கு ஒரு அறிமுகம். மேடையில் இருந்த ஒவ்வொருவருக்கும் பொன்னாடை. போர்த்தியவர்களுக்கும் யாரோ போர்த்தினார்கள். விருந்தினர் மைக்கைத் தொட்டபோது 8.20. இருபது நிமிடத்தில் அவர் கையில் சீட்டு கொடுத்து உட்கார வைத்துவிட்டீர்கள். நன்றியுரை அதைவிடக் கொஞ்சம் நீளம். மறுநாள் முகூர்த்தம் என்பதால் 9 மணிக்கு அலங்காரக்காரர்கள் வாழைமரத்தோடு உள்ளே வந்துவிட்டார்கள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நம்மூரில் எந்த விழா இதற்கு விதிவிலக்கு? பொறுக்க முடியாதது அந்தப் பெட்டி.

ஒரு வாரத்துக்கு முன்பு வாட்ஸ்அப் குழுவில் நீங்கள்தான் போட்டீர்கள்: 'உறுப்பினர்கள் தங்கள் கேள்விகளைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடலாம்.' நல்ல யோசனை என்று நாங்கள் எல்லாரும் கைதட்டினோம். வாசலில் ஷூ பெட்டி ஒன்றை வைத்து, மூடியில் கீறி, பக்கத்தில் பேனா கட்டித் தொங்கவிட்டிருந்தீர்கள். வருகிறவர்களுக்குச் சீட்டும் பேனாவும் எடுத்துக் கொடுக்க என்னை உட்கார வைத்தீர்கள். அதனால் யார் என்ன எழுதினார்கள் என்று எனக்குத் தெரியும்.

காசிமேட்டிலிருந்து ஒரு பையன் வந்திருந்தான். விடியற்காலையில் மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் பெட்டி ஏற்றும் வேலை, சாயங்காலம் டென்னிஸ் பால். வேகமாக வீசுகிறான் என்று இந்த வருடம் கீழ் டிவிஷன் லீக் அணி ஒன்றில் எடுத்திருக்கிறார்கள். லெதர் பாலுக்கு வந்ததும், கோட்டைத் தாண்டிக் கால் வைத்து ஓவருக்கு ஒரு நோ-பால். தெருவில் கோடு என்பது செங்கல்லால் கீறியது. பேட்டிங் செய்கிற அணியின் ஆள்தான் அம்பயர். வீசுகிறவன் கால் எங்கே விழுகிறது என்று யாரும் பார்ப்பதில்லை, பந்து காலில் பட்டால் அவுட் என்கிற எல்பிடபிள்யூவும் கிடையாது. அவன் எழுதியது இதுதான்: 'முன்கால் குதிகால் கோட்டுக்குப் பின்னால்தான் இருக்கிறது, ஆனால் தரையில் படவில்லை, காற்றில் இருக்கிறது. அது நோ-பாலா சார்?'

விதிப்புத்தகத்தில் பதில் இருக்கிறது. முன்கால் இறங்கும்போது அதன் ஏதாவது ஒரு பகுதி கிரீஸுக்குப் பின்னால் இருந்தால் போதும், தரையில் பட்டிருக்க வேண்டும் என்று இல்லை. ஸ்டம்பிலிருந்து நான்கடி முன்னால் இருக்கிற கோடு அது. இதை நானே அவனுக்குச் சொல்லிவிட்டேன். அவனுக்கு வேண்டியது அது மட்டும் இல்லை. அம்பயர் எங்கே நிற்கிறார், காலைப் பார்த்த கண்ணை எப்போது தூக்கிப் பந்தைப் பார்க்கிறார், தன்னைப் போல நீளமாகக் கால் வைப்பவனை எப்படிக் கணிக்கிறார் என்று அவன் நேரில் கேட்க ஆசைப்பட்டான். அதைப் புத்தகம் சொல்லாது. வாழ்க்கை முழுக்க அங்கே நின்றவர்தான் சொல்ல முடியும். அவர் பத்தடி தூரத்தில் பொன்னாடைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்.

கொடுங்கையூரிலிருந்து வந்த கல்லூரி மாணவி ஒருத்தி, அம்பயர் தேர்வு எழுத என்ன செய்ய வேண்டும், யாரைக் கேட்க வேண்டும் என்று எழுதிப் போட்டாள். வேடிக்கைக்குக் கேட்ட கேள்வி இல்லை. 2023 ஜனவரியில் ரஞ்சிக் கோப்பை ஆட்டங்களில் முதல் முறையாகப் பெண்கள் அம்பயராக நின்றார்கள். அந்த மூவரில் ஒருவர் நம் சென்னையின் ஜனனி நாராயணன். அந்தப் பெண் அதைப் படித்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

அப்புறம் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நம் மூத்த உறுப்பினர். 1986 செப்டம்பர் 22 அன்று, இந்தியா–ஆஸ்திரேலியா டெஸ்டின் கடைசி நாளில், சேப்பாக்கம் கேலரியில் இருந்தவர் அவர். இரு அணிகளின் ரன்னும் சமம், இந்தியாவின் கையில் ஒரே விக்கெட், கிரெக் மேத்யூஸ் வீசிய கடைசி ஓவரின் ஐந்தாவது பந்து, மணிந்தர் சிங் எல்பிடபிள்யூ. எதிர்முனையில் 48 ரன்னோடு ரவி சாஸ்திரி நின்றுகொண்டிருந்தார். டெஸ்ட் வரலாற்றின் இரண்டாவது டை. பேட்டில் பட்டது என்று மணிந்தர் சொன்னார். அவுட் என்று விரலைத் தூக்கிய அம்பயர் விக்ரமராஜுவுக்கு அதன் பிறகு டெஸ்ட் கிடைக்கவே இல்லை. அன்று ரீப்ளே கேட்க மூன்றாவது அம்பயர் கிடையாது. டிவியைப் பார்த்து ரன் அவுட் கொடுக்கும் வழக்கம் 1992இல்தான் வந்தது. பெரியவர் எழுதியிருந்தார்: 'அந்த இடத்தில் நீங்கள் நின்றிருந்தால் விரலைத் தூக்கியிருப்பீர்களா? மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்கள்.'

இந்த ஒரு கேள்விக்கே அரை மணி நேரம் பேசியிருப்பார் அந்த மனிதர். மண்டபமே எழுந்து சண்டை போட்டிருக்கும். அதற்குத்தானே இப்படி ஒரு சங்கம் வைத்திருக்கிறோம்?

'நேரமின்மை காரணமாகக் கேள்வி நேரம் ரத்து செய்யப்படுகிறது' என்று தொகுப்பாளர் அறிவித்தபோது பெட்டி மேடை மேசைக்கு அடியில் இருந்தது. மூடிமேல் காலி டீ கப்புகள். விருந்தினர் கிளம்பும்போது ஆட்டோ வரை நான்தான் கூடப் போனேன். துணிப்பையில் என்ன சார் என்று கேட்டேன். இரண்டு பந்து, இரண்டு பெயில்ஸ், கோடு போட ஒரு சாக்பீஸ். 'பசங்களுக்குச் செய்து காட்டலாம்னு எடுத்துவந்தேன், பரவாயில்லை' என்றார். ஐயா, அவர் சொன்ன அந்தப் 'பரவாயில்லை' உங்கள் காதில் விழுந்திருக்க வேண்டும்.

போன விருந்தினருக்கும் இதேதான் நடந்தது. அதற்கு முன்னால் வந்த பயிற்சியாளருக்கும். கேட்டால் 'அவ்வளவு தூரத்திலிருந்து வந்திருக்கிறார், மரியாதை செய்யாமல் அனுப்ப முடியுமா' என்கிறீர்கள். மயிலாப்பூரிலிருந்து தண்டையார்பேட்டைக்கு வருவது எப்போதிலிருந்து வெளிநாட்டுப் பயணம் ஆனது? 2021 பிப்ரவரியிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ ஓடுகிறது. பாலத்துக்கு அந்தப் பக்கம், தென் சென்னையில் இருப்பவர்கள் நம்மைத் தூரமாக நினைப்பது பழைய கதை. நாமே நம்மைத் தூரமாக நினைத்துக்கொண்டு, வருகிறவர்களுக்குக் கும்பிடு போட்டே நேரத்தைக் கழிப்பதுதான் எனக்குப் புரியவில்லை. துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரி வரிசைக்கு நடுவே வண்டி ஓட்டி வருகிற உறுப்பினர், எண்ணூரிலிருந்து ஷிப்ட் முடித்துக் குளிக்காமல்கூட வருகிற உறுப்பினர், இவர்களும் தூரத்திலிருந்துதான் வருகிறார்கள். அவர்களுக்கு யாரும் பொன்னாடை போர்த்த வேண்டாம். ஒரு கேள்வி கேட்க விட்டால் போதும். மைதானம் இல்லை, இருக்கிற மைதானத்தில் பாதி நாள் பொருட்காட்சி, மீதி நாள் பொதுக்கூட்டம். இதற்கெல்லாம் நீங்கள் பொறுப்பில்லை என்று தெரியும். சரி, அது வேறு மடல்.

மரியாதை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பொன்னாடை நெய்கிறவரும் பிழைக்க வேண்டும். ஆனால் ஒரு அம்பயருக்குச் செய்கிற மரியாதை, அவருக்குத் தெரிந்ததைக் கேட்பது. ஆறு மணி என்றால் ஆறு மணிக்குத் தொடங்குங்கள், யார் வந்தாலும் வராவிட்டாலும். விருந்தினர் அரை மணியோ முக்கால் மணியோ பேசட்டும். உடனே பெட்டியைத் திறந்து முக்கால் மணி நேரம் கேள்விகள். எழுத்தில் கேட்டவர்களுக்கு முதலில், மீதி நேரத்தில் கை தூக்குபவர்களுக்கு. எட்டு மணிக்கு மேல் விளக்கு, மாலை, உரை, படம் எல்லாம் ஆசை தீர நடத்துங்கள். கிளம்ப நினைப்பவர்கள் கிளம்பிவிடுவார்கள் என்று பயப்படுகிறீர்களா? கிளம்பட்டுமே. எதற்காக வந்தார்கள் என்று அப்போதாவது தெரிந்துவிடும்.

அடுத்த கூட்டத்துக்கு இன்னும் யாரையும் அழைக்கவில்லை என்று செயலாளர் குழுவில் எழுதியிருந்தார். அப்படியானால் இதே அம்பயரையே திரும்ப அழைக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். மண்டபம்கூட வேண்டாம். ஏதாவது பள்ளி மைதானத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இரண்டு செட் ஸ்டம்ப், ஒரு மைக் இருந்தால் போதும். வாடகையில் மிச்சமாகும் பணத்தில் எல்லாருக்கும் இட்லி வாங்கலாம். வரும் செயற்குழுக் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசி, முடிவு எதுவானாலும் குழுவில் தெரிவியுங்கள்.

தங்கள் உண்மையுள்ள,
ஆயுள் சந்தா கட்டிய ஓர் உறுப்பினர்,
தண்டையார்பேட்டை

பி.கு.: பெட்டி இப்போது யாரிடம் இருக்கிறது என்று தெரியவில்லை. யாரிடம் இருந்தாலும் சீட்டுகளைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். காசிமேட்டுப் பையனுக்கு அடுத்த மேட்ச் வரும் ஞாயிறு. அதற்குள் அம்பயரிடம் கைபேசியிலாவது நான் கேட்டுச் சொல்லிவிடுகிறேன், அவருடைய எண்ணை மட்டும் அனுப்பிவையுங்கள்.