பல்வலிதானே என்றார்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கொரோனா நாட்களைப் பற்றி வாசகர்கள் எழுதிவரும் கடிதங்களைத் தவறாமல் படிக்கிறேன். பிரசவம், டயாலிசிஸ், நெஞ்சுவலி, ஊருக்கு நடந்தே போனவர்கள் என்று எல்லாம் வந்துவிட்டன. பல் மட்டும் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

2020 ஏப்ரல். சித்திரை பிறந்து நான்கைந்து நாள் இருக்கும். என் வீட்டுக்காரருக்குக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் வலி. அவருக்குச் சர்க்கரை வேறு. வழக்கமாகப் போகும் பல் கிளினிக் மார்ச் கடைசியிலிருந்து பூட்டிக் கிடந்தது. கிராம்பு வைத்துப் பார்த்தோம். உப்புத் தண்ணீர் கொப்பளித்தார். தெருமுனை மெடிக்கலில் சொல்லி வாங்கிய மாத்திரையை மூன்று நாள் போட்டார். வலி குறைந்தது, சரி, விட்டது சனியன் என்று இருந்துவிட்டோம். நாலாம் நாள் காலையில் தாடைக்கு அடியில் கழுத்து வரைக்கும் கல் மாதிரி வீங்கியிருந்தது. காபியை ஒரு வாய் வைத்தவர் விழுங்க முடியாமல் வாஷ்பேசினில் துப்பினார்.

பல் டாக்டரம்மாவுக்கு போன் போட்டேன். வலியைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. "எச்சில் விழுங்க முடியுதா? வாய்க்குள்ள ரெண்டு விரல் நுழையுதா? நாக்கு மேல தூக்கிட்டு இருக்கா? குரல் மாறியிருக்கா?" நாலே கேள்விதான். "இது கிளினிக்கைத் திறந்து நான் பார்க்கிற கேஸ் இல்லம்மா. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க" என்றார். அந்த வீக்கம் நாக்கை மேலே தள்ளி மூச்சுப் பாதையையே அடைத்துவிடும் என்பதும், 1836-லேயே லுட்விக் என்கிற ஜெர்மன் மருத்துவர் அதை எழுதிவைத்திருக்கிறார் என்பதும் பிற்பாடு தெரிந்துகொண்டவை. அன்றைக்குத் தெரிந்திருந்தால் என் கை கால் ஓடியிருக்காது.

பக்கத்து வீட்டுத் தம்பி காரை எடுத்தார். பைபாஸில் தடுப்பு. "பல்லுவலிக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க? ரெண்டு கிராம்பை வெச்சுக் கடிக்கச் சொல்லுங்கம்மா" என்றார் காவலர். அவரைக் குறை சொல்ல மாட்டேன். கல்யாணம், சாவு, மருத்துவ அவசரம் என்றுதான் அவருக்குச் சொல்லியிருந்தார்கள். மருத்துவ அவசரத்தில் பல்லும் சேர்த்தி என்று யாரும் சொல்லவில்லை. வீட்டுக்காரர் முகத்திலிருந்த துண்டைத் தம்பி விலக்கிக் காட்டினார். காவலர் மறுபேச்சு இல்லாமல் வழிவிட்டார்.

ஆஸ்பத்திரி வாசலில் நெற்றியில் கருவியைக் காட்டினார்கள். காய்ச்சல். பல்லில் சீழ் வைத்தால் காய்ச்சல் வரத்தானே செய்யும்? ஆனால் அந்த ஏப்ரலில் காய்ச்சல் என்றால் ஒரே அர்த்தம்தான். வெளியே போட்டிருந்த பந்தலில், இருமுகிறவர்களோடு, இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார வைத்தார்கள். எச்சில் வடிந்து வடிந்து முகக்கவசம் நனைந்து தாடையில் ஒட்டிக்கொண்டது. அந்தப் பக்கம் போன ஒரு இளம் டாக்டர்தான் அந்த ஈரத்தைப் பார்த்து நின்றார். டார்ச் அடித்து வாயைத் திறக்கச் சொன்னார். ஒரு விரல்கூட நுழையவில்லை. அப்புறம் எல்லாம் ஓட்டம்தான். தாடைக்குக் கீழே கீறிச் சீழ் எடுத்து, பல்லையும் பிடுங்கினார்கள். எட்டு நாள் ஆஸ்பத்திரி வாசம். கொரோனா இல்லை என்ற முடிவு மூன்றாம் நாள் வந்தது.

பல் டாக்டர்கள் கதவைச் சாத்தியதில் எனக்குக் கோபம் இல்லை. பல்லைக் குடைகிற அந்த ஏரோட்டார் நிமிடத்துக்கு 3 லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. கூடவே தண்ணீரும் பீய்ச்சுகிறது. நம் எச்சிலும் ரத்தமும் கலந்த சாரல் அறை முழுக்கக் கிளம்பும். டாக்டரின் முகம் அதற்கு ஒரு முழம் தள்ளி இருக்கும். எங்கள் டாக்டரம்மா ஜூனில் திறந்தபோது ஏசியை நிறுத்தி, ஜன்னலைத் திறந்து, சுவரில் எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்திருந்தார். நாற்காலியில் உட்காரும் முன் பீட்டடின் கலந்த தண்ணீரில் கொப்பளிக்க வேண்டும். ஒருவர் போய் அடுத்தவர் வர நல்ல இடைவெளி. கவச உடைக்குள் வேர்த்து ஒழுகியபடி வேலை செய்தார். பில்லில் அந்த உடைக்கும் ஒரு தொகை சேர்ந்திருந்தது. முணுமுணுத்துக்கொண்டேதான் கொடுத்தேன், ஆனால் கொடுத்தேன்.

என் ஆதங்கம் வேறு. பல் மருத்துவர்களுக்கென்று மத்திய சுகாதார அமைச்சகம் வழிகாட்டுதல் வெளியிட்டது 2020 மே 19-ல். ஊரடங்கு தொடங்கி ஏறக்குறைய எட்டு வாரம் கழித்து. சிவப்பு மண்டலத்தில் அவசர சிகிச்சைகளைச் செய்யலாம். கட்டுப்பாட்டுப் பகுதியில் கிளினிக் மூடியே இருக்கும், போனில் விசாரித்துச் சொல்லலாம், தேவைப்பட்டால் ஆம்புலன்ஸில் பக்கத்து 'கோவிட் பல் மருத்துவமனை'க்குப் போகலாம் என்றது. காகிதத்தில் நன்றாகவே இருந்தது. எங்கள் பக்கத்தில் அந்த மருத்துவமனை எங்கே என்று நான் கேட்ட யாருக்கும் தெரியவில்லை.

போனில் என்ன ஆகிவிடும் என்று நினைக்க வேண்டாம். அதே மே மாதம் எங்கள் தெருவில் ஒன்பது வயதுப் பையன் சைக்கிளிலிருந்து விழுந்து முன்பல் வேரோடு வந்துவிட்டது. அவன் அம்மா அதைக் கழுவித் தேய்க்கப் போனார். "வேரைத் தொடாதீங்க, பால்ல போட்டு உடனே கொண்டாங்க" என்றார் டாக்டரம்மா. ஆவின் பால் டம்ளரில் மிதந்து போன பல்லை, பாதி ஷட்டர் தூக்கிய கிளினிக்கில் வைத்துக் கட்டி அனுப்பினார். இன்றும் அவன் வாயில் இருக்கிறது.

அடுத்த தொற்று வருவதற்குள் செய்ய வேண்டியது பெரிய செலவில்லை. 104 மருத்துவ உதவி எண்ணுக்கு போன் செய்தால் எடுப்பவரிடம் டாக்டரம்மாவின் அந்த நாலு கேள்வியும் இருக்கட்டும். தடுப்பில் நிற்கும் காவலரின் பட்டியலில் 'முகவீக்கம், வாய் ரத்தப்போக்கு' என்று ஒரு வரி சேரட்டும். காய்ச்சல் பந்தலில் உட்காரவைக்கும் முன் வாயைத் திறந்து காட்டச் சொல்லட்டும். மாவட்டத்துக்கு ஒரு பல் அவசர அறை எங்கே என்பதை இப்போதே, கூட்டமில்லாத காலத்திலேயே, எழுதி ஒட்டலாம்.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி