நோய்க்கு மேடையில் மாலை வேண்டாம்: கொங்கு மண்டல இலக்கிய அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அமைப்பாளர்களுக்கு, வணக்கம்.

கோவையிலும் ஈரோட்டிலும் திருப்பூரிலும் புத்தகத் திருவிழாக்களையும் மாதாந்திரக் கூட்டங்களையும் விடாமல் நடத்திவரும் உங்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன். ‘கொஞ்சம் கிறுக்கு இருந்தால்தான் கவிதை வரும்’ என்ற பேச்சு உங்கள் மேடைகளில் இனி மறுப்பின்றிக் கடந்துபோக விடாதீர்கள்.

அதைக் கேட்டு வீடு திரும்பும் ஓர் இளைஞனின் சட்டைப் பையில், மனநிலையைச் சீராக வைக்கும் லித்தியம் மாத்திரை இருக்கக்கூடும். விசைத்தறிப் பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டே கவிதை எழுதும் என் அக்காள் மகன், அப்படியொரு கூட்டத்துக்குப் போய்வந்த பின்புதான் மாத்திரையை நிறுத்தினான். “மாத்தரை போட்டா எழுத்தே வர மாட்டீங்குதுங்க மாமா” என்றான். அதன்பின் அவன் உறக்கமின்றி எழுதி நிரப்பிய நோட்டுகள் என்னிடம் இருக்கின்றன. முதல் பக்கங்களில் நல்ல வரிகள் சில உண்டு. போகப்போக எழுத்து பெருத்து, கோட்டை மீறி, ஒரு வரியின் மேலேயே இன்னொரு வரி ஏறி, கடைசியில் அவனாலேயே படிக்க முடியாததாகிவிடுகிறது. அடுத்து வந்த சோர்வில் பல மாதங்கள் அவன் பேனாவைத் தொடவே இல்லை.

படைப்புக்கும் மனநோய்க்கும் தொடர்பே கிடையாது என்று நான் வாதிடவில்லை. அமெரிக்காவில் மனநல மருத்துவர் நான்சி ஆண்ட்ரியாசென் 1987-இல் வெளியிட்ட ஆய்வில், 30 எழுத்தாளர்களில் 80 விழுக்காட்டினர் வாழ்வில் ஏதோவொரு கட்டத்தில் மனநிலைக் கோளாறுக்கு ஆளாகியிருந்தனர். ஆனால் அது மிகச் சிறிய குழு. சுவீடனில் ஏறத்தாழ 12 லட்சம் நோயாளிகளின் பதிவுகளைக் கொண்டு 2013-இல் வெளியான ஆய்வோ, படைப்புத் துறையினருக்குப் பொதுவாக மனநோய் கூடுதலாக இல்லை என்றும், மிகைக் கிளர்ச்சியும் கடுஞ்சோர்வும் மாறி மாறி வரும், பைபோலார் எனப்படும் இருமுனைய நோய் மட்டுமே விலக்கு என்றும் கண்டது. எழுத்தாளர்களிடம் மட்டும் பல நோய்களும் தற்கொலையும் கூடுதலாகத் தெரிந்தன. என் மனத்தில் தங்கியது வேறொரு செய்தி: இருமுனைய நோயாளிகளின் நலமான நெருங்கிய உறவினரும் இத்துறைகளில் கூடுதலாக இருந்தனர். நோயின்றியே அந்த ஆற்றல் குடும்பத்தில் ஓடக்கூடும் என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

மருந்து கற்பனையைக் கொல்லும் என்ற அச்சத்தையும் நேர்மையாகவே பார்க்க வேண்டும். லித்தியம் எடுத்துக்கொண்ட 24 கலைஞர்களிடம் டென்மார்க் மனநல மருத்துவர் மோகன்ஸ் ஸ்கௌ (Mogens Schou) விசாரித்து 1979-இல் எழுதியபோது, பன்னிருவர் முன்னைவிடக் கூடுதலாகப் படைத்ததாகவும், அறுவர் மாற்றமில்லை என்றும், அறுவர் குறைந்ததாகவும் சொன்னார்கள். குறைந்ததாகச் சொன்ன அறுவரைப் போன்றோர் இரத்தப் பரிசோதனையோடு மருத்துவரிடம் போய் அளவைப் பற்றிப் பேச வேண்டும். தாமாக நிறுத்துவது ஆபத்து. ஓவியர் வான்கோகூட நோய் முற்றிய நாள்களில் பெரும்பாலும் வரைய முடியாமல், இடையே தெளிந்த காலத்தில்தான் மிகுதியாக வரைந்தார். நம் கவிஞர் ஆத்மாநாம் மனநோயோடு போராடி 1984-இல், 33 வயதில் மறைந்தார். அவர் கவிதைகளின் செறிவுக்கு நோயைக் காரணம் காட்டுவது அவருடைய உழைப்பைக் களவாடுவதாகும்.

கலை பயிற்சியாலும் உழைப்பாலும் வருவது என்பதற்கு நம் ஊர் மரபும் சான்று. பொன்னர்-சங்கர் சகோதரர்களைப் பாடும் அண்ணன்மார் கதைப் பாட்டில், அவர்கள் போர்க்களத்தில் மாளும் படுகளக் காட்சி வரும்போது அருள் வந்து விழுவோர் பலர்; உடுக்கையைக் கையில் வைத்திருப்பவரோ ஆண்டுக்கணக்கான பயிற்சியாலும் நினைவாற்றலாலும் தாளம் பிசகாமல் கதையை விடியும்வரை நடத்திச் செல்வார்.

எனவே அஞ்சலிக் கூட்டங்களில் நோயை நோயென்றே சொல்லுங்கள். உயிரை மாய்த்துக்கொண்டதைக் கவித்துவமாக வருணிக்காதீர்கள். புத்தகத் திருவிழா அரங்குகளில் மாவட்ட மனநலத் திட்டத்தினருக்கு ஓர் இடம் ஒதுக்குங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை, 24 மணி நேரமும் இலவசமாக அழைக்கலாம் என்ற குறிப்போடு, நிகழ்ச்சி நிரலிலேயே அச்சிடுங்கள். அரசு மருத்துவமனைகளில் மனநல சிகிச்சை பெறுவது 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தரும் உரிமை என்பதையும் எடுத்துச் சொல்லுங்கள். எழுதுகிறவர் ஒருவர் திடீரெனக் கூட்டங்களுக்கு வராமல் போனால், அவர் வீட்டுக்கு இருவராவது போய் விசாரித்து, தேவைப்பட்டால் உடன் சென்று புறநோயாளிச் சீட்டுப் போட்டுக் கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் கூட்டங்களுக்குத் தவறாமல் வரும் ஒரு வாசகன்