கைவிடப்பட்ட தோட்டங்களுக்கு ஒட்டுப்புங்கன்

ஆசிரியருக்கு,

கைவிடப்பட்ட பழத்தோட்டங்களில் எண்ணெய் வித்து மரங்கள் வளர்ப்பது பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் 2005-இல் கண்டறியப்பட்ட கிரீனிங் என்னும் பாக்டீரியா நோய் ஆரஞ்சுத் தோட்டங்களைச் சீரழித்தபின், அந்நிலங்கள் சிலவற்றில் புங்கன் நடப்பட்டதை அது எடுத்துக்காட்டியது பொருத்தமே. வேர் முடிச்சுகளால் காற்றிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) மண்ணில் நிலைநிறுத்தி, வறட்சியையும் ஓரளவு உவர்ப்பையும் தாங்கும் இம்மரம் களைத்த மண்ணுக்கு ஏற்றது. ஆனால், எந்தக் கன்றை நடுவது என்ற அடிப்படைக் கேள்வியைக் கட்டுரை தொடாமல் விட்டது பெருங்குறை. புங்கன் பெரும்பாலும் அயல் மகரந்தச் சேர்க்கையால், அதாவது வேறொரு மரத்தின் மகரந்தத்தால், காய்ப்பதால், விதைக்கன்றுகள் தாய் மரத்தைப் போலவே விளையும் என்பதற்கு உறுதியில்லை.

நான் பராமரிக்கும் புங்க மரங்கள் ஒரே தாய் மரத்தின் விதையில் முளைத்து, ஒரே வரிசையில், ஒரே நீரில் வளர்ந்தவை. எனினும் ஒன்று கிளை தாழக் காய்க்க, அடுத்தது ஆண்டுதோறும் பூத்தும் கைப்பிடிக் காய்கூடத் தருவதில்லை. காய்ப்புக்கு வரவே நான்கைந்து ஆண்டுகளாகும் மரத்தில் இவ்வேறுபாடு தெரியவரும்போது, ஏற்கெனவே ஒரு தோட்டத்தை இழந்த விவசாயி மீண்டும் நட்டமடைந்திருப்பார். தரம் உறுதிசெய்யப்படாத விதைகளைக் கொண்டு, எரிபொருள் எண்ணெய்க்காகக் காட்டாமணக்கைப் பரப்பியபோது நேர்ந்த ஏமாற்றம் இன்னும் மறந்துபோகவில்லை. எனவே, மானியம் அறிவிக்கும் அரசுகள், பல ஆண்டு விளைச்சலும் எண்ணெய் அளவும் பதிவான தாய் மரங்களிலிருந்து எடுத்த, அவற்றின் பண்பை அப்படியே கொண்ட ஒட்டுக்கன்றுகளுக்கு மட்டுமே அதனை வழங்க வேண்டும். புதியதொரு நோய் முழுத் தோட்டத்தையும் அழித்துவிடாதிருக்க, ஒவ்வொரு தோட்டத்திலும் பல தாய் மரங்களின் கன்றுகளைக் கலந்து நடுவதையும் நிபந்தனையாக்க வேண்டும்.